எண்ணெய்ப் பொட்டலமும் அரசாங்கக் கணக்கும்

மாதச் சாமான் வாங்கும் தாய்மார்களுக்குச் சமையல் எண்ணெயைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பொட்டல எண்ணெய்க்கு ஒரு விலை, பாட்டில் எண்ணெய்க்கு வேறொரு விலை என்பது அவர்கள் அறிந்ததே. பொட்டலம் சில நாள் கிடைக்கும். சில நாள் "இன்னும் வரலைம்மா" என்பார் கடைக்காரர். பாட்டில் மட்டும் எந்த நேரம் போனாலும் அடுக்கில் இருக்கும். இது ஏன் இப்படி நடக்கிறது என்று என்றைக்காவது நின்று நிதானித்து எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

இத்தனைக்கும் அந்த எண்ணெய் கடல் கடந்து வந்ததல்ல. நம் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையின் இருபுறமும் நிற்பது செம்பனைதான். அந்தக் குலையை வெட்டிச் சுமப்பவர் வீட்டிலேயே எண்ணெய்ப் பொட்டலத்துக்குக் கடை கடையாக அலைய நேர்கிறது என்றால், அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது என்றுதானே பொருள்?

அந்தக் கணக்குக்குப் பெயர் மானியம். "மானியத்தை நிறுத்து, விலையைச் சந்தையின் போக்கில் விடு, அரசாங்கச் செலவைக் குறை" என்று உலகெங்கும் ஒரு சாரார் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களைச் சந்தைப் பொருளாதாரவாதிகள் என்பர். "இவர்கள் பணக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறவர்கள்" என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்காமல், தோட்டத்து மக்களாகிய நாம் அவர்கள் பேச்சில் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்று பார்ப்போமே!

யார் கொடுக்கும் காசு?

ஒரு சிறு உதாரணம். ஒரு குடும்பத் தலைவர் கடைக்காரரிடம் போய், "என் பிள்ளைகள் வந்தால் எண்ணெயைப் பாதி விலைக்குக் கொடுங்கள், மீதியை மாதக் கடைசியில் நான் கட்டிவிடுகிறேன்" என்கிறார். கடைக்காரரும் சம்மதிக்கிறார். ஆனால் யார் இவர் பிள்ளை என்று கடைக்காரர் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வாங்குகிறது. பலகாரக் கடை வைத்திருப்பவரும் ஆள் அனுப்பி வாங்குகிறார். மாதக் கடைசியில் தலைவருக்கு வரும் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். அதைக் கட்ட அவர் எங்கே போவார்? வீட்டுச் செலவில்தான் கைவைக்க வேண்டும். இல்லையேல் கடன் வாங்க வேண்டும்.

மானியமும் இதே கதைதான். விலைக்கும் அடக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கம் கட்டுகிறது. அரசாங்கத்துக்கு ஏது காசு? நாம் கட்டும் வரி, நாட்டின் எண்ணெய் வளத்தால் வரும் வருவாய், இவை போதாதபோது கடன். 1998 முதல் நம் மத்திய அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் ஆண்டுதோறும் பற்றாக்குறையிலேயே இருந்து வந்திருக்கிறது. ஆகவே இன்று குறைந்த விலையில் வாங்கும் எண்ணெயின் மிச்ச விலையை, நாளை நம் பிள்ளைகள் வட்டியோடு கட்ட நேரிடலாம். "அரசாங்கம் இனாமாகக் கொடுக்கிறது" என்ற பேச்சில் உண்மை இல்லை. இனாம் என்று உலகில் ஒன்றுமில்லை.

ரப்பர் காட்டில் கற்ற பாடம்

சந்தைப் பொருளாதாரவாதிகளில் புகழ்பெற்ற ஒருவர் தம் பாடத்தைக் கற்றுக்கொண்டது நம் மண்ணில்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் பீட்டர் பாவர். 1915-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்து, இங்கிலாந்தில் படித்துப் பொருளாதார அறிஞரானவர். 1946-ல் மலாயாவுக்கு வந்து, ரப்பர் சிறு தோட்டக்காரர்களின் நிலையை நேரில் ஆராய்ந்தார். 1948-ல் ரப்பர் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வெளிவந்தது.

அவர் கண்டது என்ன? 1922-ல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்று வந்தது. ரப்பர் விலை விழுந்துவிடாதிருக்க, மலாயாவும் இலங்கையும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அளவு வைத்தது. விலையும் ஏறியது. ஆனால் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகள் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. ஏறிய விலையைப் பார்த்த அங்குள்ள குடியானவர்கள் ஆளுக்கு ஆள் ரப்பர் நட்டுவிட்டார்கள். 1928-ல் திட்டம் கைவிடப்பட்டது. மறுபடியும் 1934-ல் டச்சுக்காரரையும் பிற நாடுகளையும் சேர்த்துக்கொண்டு அனைத்துலக ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். புதிதாக மரம் நடுவதற்குக் கூடத் தடை வந்தது. இந்த ஏற்பாட்டில் பெரிய தோட்டங்கள் தப்பித்துக்கொண்டன என்றும், இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரர்களுக்கு அவர்கள் மரம் கொடுக்கக்கூடிய அளவைவிடக் குறைவாகவே ஒதுக்கீடு செய்யப்பட்டது என்றும் பாவர் எடுத்துக்காட்டினார்.

"நாட்டுப்புறத்து ஏழைக்குக் கணக்குத் தெரியாது, அவனுக்காக அரசாங்கம்தான் யோசிக்க வேண்டும்" என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் எண்ணியிருந்தார்கள். பாவர் அதை மறுத்தார். விலை ஏறினால் அதிகம் வெட்டவும், இறங்கினால் மரத்துக்கு ஓய்வு கொடுக்கவும் சிறு தோட்டக்காரனுக்கு நன்றாகவே தெரியும் என்றார். ஒட்டுப்பால் விலை ஏறி இறங்குவதை விரல் நுனியில் வைத்திருக்கும் நம் பெரியவர்களைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

தமிழகத்திலும் இதே குரல் ஒலித்ததுண்டு. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய மூதறிஞர் ராஜாஜி, எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ் என்று அலையவிடும் ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். பர்மிட் கொடுக்கும் மேசை எங்கே இருக்கிறதோ, அங்கே செல்வாக்குள்ளவனுக்கு முன்வரிசையும் ஏழைக்குக் கடைசி வரிசையும் கிடைக்கும் என்பதே இவர்கள் எல்லோருடைய வாதத்தின் சாரம்.

ஒழுகும் பானை

இனி நம் காலத்துக்கு வருவோம். டீசல் மானியத்தைப் பாருங்கள். 2019-ல் அதற்கு 140 கோடி வெள்ளி செலவாயிற்று. 2023-ல் அது 1,430 கோடி வெள்ளியாக உயர்ந்துவிட்டது என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. உலகச் சந்தையில் விலை ஏறியது ஒரு காரணம்தான். ஆனால் நாட்டில் டீசல் வண்டிகள் பத்து மடங்கு பெருகிவிடவில்லையே! மலிவான டீசலை எல்லை தாண்டிக் கடத்தி விற்றவர்களும், உரிமையில்லாமல் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்களும் அதில் குளிர் காய்ந்தார்கள்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்த்தப்பட்டது. பொருள் ஏற்றும் லாரிகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் தனிச் சலுகை வைத்தார்கள். தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 வெள்ளி ரொக்கமாகக் கொடுக்கும் திட்டம் வந்தது. அதாவது பொருளின் விலையில் உதவியை ஒளித்து வைக்காமல், ஆளைப் பார்த்துக் கையில் கொடுப்பது.

இது ஒரே நாளில் வந்த மாற்றமல்ல. 2013 அக்டோபரில் சீனிக்குக் கொடுத்து வந்த கிலோவுக்கு 34 காசு மானியம் நின்றது. 2016 நவம்பரில் எண்ணெய் மானியம் ஒரு கிலோ பொட்டலத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. பொட்டலத்தின் விலையை 2 வெள்ளி 50 காசிலேயே வைத்துக்கொண்டார்கள். 2023 நவம்பர் முதல் தேதி கோழிக்கு வைத்திருந்த விலைக் கட்டுப்பாடும் மானியமும் நீங்கின. 2025 ஆகஸ்டில் முட்டை மானியமும் முடிந்தது. 2025 செப்டம்பரில் பெட்ரோலுக்குப் புதிய முறை வந்தது: குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மற்றவர்களுக்குச் சந்தை விலை.

இப்போது எண்ணெய்ப் பொட்டலத்தின் ரகசியம் விளங்கும். ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருக்கும்போது, மலிவானது எங்கே அதிக லாபமோ அங்கே ஓடும். மலிவு விலைப் பொட்டலத்துக்குக் குடும்பங்களும் வரும். வியாபாரம் செய்பவரும் வருவார். வரும் சரக்கோ அளவானது. முந்திக்கொண்டவருக்குக் கிடைக்கும், பிந்தியவருக்குக் கிடைக்காது. பிந்துகிறவர் யார்? காலையில் பிரட்டுக்குப் போய், பொழுது சாய்ந்து கடைக்கு வருகிற நம்மவர்தான்! காசை மிச்சப்படுத்த வைத்த விலை, கடைசியில் ஏழையின் நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. இந்த இடத்தில் சந்தைப் பொருளாதாரவாதிகள் சொல்வது முற்றிலும் சரி என்றே எனக்குப் படுகிறது.

சந்தை காதில் வாங்காத குரல்

"அப்படியானால் எல்லாவற்றையும் சந்தைக்கே விட்டுவிடலாமா, வாத்தியாரே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் தோட்டத்தின் வரலாறு குறுக்கே நிற்கிறது.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை பாதாளத்துக்கு விழுந்தபோது சந்தை தன் வேலையைச் செய்தது. தொழிலாளர் கூலி குறைக்கப்பட்டது; பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை என்பது ஒரு செய்தி என்பார்கள் பொருளாதார அறிஞர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு முதலாளி முதலை வேறு தொழிலுக்கு மாற்றலாம். பால் வெட்டுகிறவர் எதை எங்கே மாற்றுவது?

குறைந்தபட்சச் சம்பளம் வேண்டாம் என்றும் அவர்களில் பலர் வாதிடுகிறார்கள். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. சம்பளம் பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம் என்பது பட்டணத்துப் பேச்சு. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. வேலையை விட்டால் லயத்தை விட வேண்டும். லயத்தை விட்டால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். இப்படிக் கட்டுண்டவரைப் பேரம் பேசச் சொல்வது நியாயமா? 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாயிற்று. தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது தூணாக நிற்கிறது.

இன்னொன்றையும் மறக்க முடியாது. நாடு சுதந்திரம் அடைந்தபின் கிராமப்புற மேம்பாட்டுக்கென அரசாங்கம் பெரும் பணம் செலவிட்டது. 1956-ல் பெல்டா அமைக்கப்பட்டு, நம் மாநிலத்தில் பாலோங், செர்த்திங் போன்ற இடங்களில் குடியேற்றங்கள் எழுந்தன. அவர்களுக்கு நிலம், வீடு, சாலை எல்லாம் வந்தன. அது நல்லதே. ஆனால் பக்கத்திலிருந்த தோட்டத்து லயங்களுக்கு அந்தச் செலவு நெடுங்காலம் எட்டவில்லை. "தோட்டம் தனியார் நிலம்; முதலாளி பார்த்துக்கொள்ளட்டும்" என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அரசாங்கமும் செலவழிக்கவில்லை, சந்தையும் கவனிக்கவில்லை என்ற இரண்டும் கெட்டான் நிலையில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். செலவைக் குறைக்கச் சொல்கிறவர்கள், இதுவரை செலவே செய்யப்படாத இடங்களையும் தங்கள் கணக்கில் எழுத வேண்டாமா?

பத்து வெள்ளியின் பலம்

அரசாங்கத்தையும் முதலாளியையும் மட்டும் எதிர்பார்த்திராமல், சந்தைக்குள்ளேயே நம்மவர் துணிந்து இறங்கிய கதையும் ஒன்று உண்டு. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போது 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்வாளி தூக்கிய கைகள் அந்தப் பத்து வெள்ளியைச் சேர்த்தன. சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது.

இது மானியமல்ல; பர்மிட்டும் அல்ல. வாங்குகிறவர், விற்கிறவர் என்ற சந்தையின் விதிப்படியே நடந்தது. ஆனால் தனித்தனியாக நின்றிருந்தால் நடந்திருக்காது. சந்தையில் நுழைய முதல் வேண்டும். முதல் இல்லாதவருக்கு ஒற்றுமையே முதல் என்பதை அந்தச் சங்கம் காட்டியது.

மாநில அரசாங்கத்தின் கையில் என்ன இருக்கிறது?

வரவு செலவு என்றாலே நாம் கோலாலம்பூரையும் புத்ராஜெயாவையும் நினைத்துக்கொள்கிறோம். சிரம்பானில் கூடும் மாநிலச் சட்டமன்றத்தை மறந்துவிடுகிறோம். நம் அரசியலமைப்பின்படி கல்வி, சுகாதாரம் ஆகியவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமோ மாநில அரசாங்கத்தின் உரிமை. மாநிலத்துக்கு வருவாயும் பெரும்பாலும் நிலத்தைச் சார்ந்தே வருகிறது. மத்திய அரசாங்கம் மக்கள் தொகையைக் கணக்கிட்டும், மாநிலச் சாலைகளைப் பேணுவதற்காகவும் மானியம் தருகிறது. தோட்டத்துக்குள் ஓடும் தனியார் சாலை அந்தச் சாலைக் கணக்கில் சேராது.

1998-ல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டபின் நீலாய், லாபு பக்கங்களில் நிலத்தின் மதிப்பு எப்படி மாறியது என்பதைக் கண்ணால் கண்டோம். விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த ஒரு கையெழுத்தால் நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. அந்த உயர்வு முதலாளியின் உழைப்பால் மட்டும் வந்ததா? பொதுப் பணத்தில் போட்ட சாலையாலும் விமான நிலையத்தாலும், அரசாங்கத்தின் அனுமதியாலும் வந்தது. ஆகவே அதிலிருந்து ஒரு பங்கை, அங்கே காலமெல்லாம் உழைத்தவர்களின் சொந்த வீட்டுக்கு ஒதுக்கச் சொல்வது பிச்சை கேட்பதாகாது. சந்தைக் கணக்கைச் சந்தைக் கணக்காகவே பார்த்தாலும் அது நியாயமான பங்குதான். நிலத்தின் பிரீமியத்தைக் குறைத்துக் கொடுத்தால் அதுவும் ஒரு மானியமே. எண்ணெய்ப் பொட்டலத்துக்குக் கணக்குக் கேட்கிறவர்கள் இந்தப் பெரிய பொட்டலத்துக்கும் கணக்குக் கேட்கட்டும்!

கைக்கு வரும் உதவி யார் கைக்கு?

விலையில் ஒளிந்த உதவியைவிடக் கையில் வரும் உதவி மேல் என்றேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 2012-ல் பிரிம் என்ற பெயரில் குடும்பத்துக்கு 500 வெள்ளி என்று தொடங்கிய ரொக்க உதவி, பின்னர் பெயர் மாறி மாறித் தொடர்ந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் வயது வந்த எல்லாக் குடிமக்களுக்கும் மைகாட் வழியாக 100 வெள்ளிக்குச் சாமான் வாங்கிக்கொள்ளும் உதவி வழங்கப்பட்டது; அதையும் பதிவு பெற்ற கடைகளில்தான் செலவழிக்க முடிந்தது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அடையாளக் கார்டு. நம் தோட்டங்களில் பிறந்து, இங்கேயே தலை நரைத்தும், சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் பெரியவர்கள் உண்டு. பிறப்புப் பத்திரம் சரியில்லாததால் கார்டே எடுக்காத பிள்ளைகளும் உண்டு. நெடுங்காலம் எண்ணெய்ப் பொட்டலம் வாங்க யாரும் கார்டைக் கேட்டதில்லை. உதவி விலையிலிருந்து கார்டுக்கு மாறும்போது, கார்டு இல்லாதவர் இரண்டு பக்கமும் இழக்கிறார்: விலையும் ஏறுகிறது, ரொக்கமும் வருவதில்லை. சீர்திருத்தம் என்ற நல்ல வண்டி இவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போகலாகாது.

ஆகவே தாய்மார்களே, பெரியவர்களே, "மானியம் வேண்டும்" என்று மட்டும் கூவுவதும் வேண்டாம். "எல்லாம் சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று கைகட்டி நிற்பதும் வேண்டாம். அரசாங்கம் ஒரு செலவை அறிவித்தாலும், ஒரு மானியத்தை நிறுத்தினாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இதற்குக் காசு கொடுப்பவர் யார்? உண்மையில் பெறுபவர் யார்? வழியில் ஒழுகுவது எவ்வளவு? மானியம் நின்றால் நான்காவதாக ஒன்றும் கேட்போம்: மிச்சமான காசு எங்கே போகிறது?

இந்தக் கேள்விகளை உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது மரியாதையாகக் கேளுங்கள். அதற்குமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள். பெயரில் பிழையிருந்தால், கார்டு எடுக்கும் வயது வந்திருந்தால், நாளை என்று தள்ளாமல் பதிவு இலாகாவுக்குப் போங்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லையா? பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். அளக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. சரியாக அளந்தார்களா என்று பார்க்க வேண்டியது நம் கடமை.